வேறொரு கூரை

வின்னிபெக்கில் பல்லி இல்லை.
ஆனாலும் அந்தப் பெப்ரவரி இரவு
மேசைமேல் ஏதோ சொல்லிற்று.
டிக். டிக். கொஞ்சம் யோசித்து மறுபடி டிக்.
எந்தத் திசை, என்ன பலன் என்று
பஞ்சாங்கம் பார்க்கத் தேவைப்படவில்லை.
பதினொரு வருசம் ஒரு கறுப்புப் பெட்டிக்குள்
தலையை முட்டிக்கொண்டிருந்தது.

பெம்பினா வீதிக் கடையில் ரொடெல்
பெட்டியைக் காதோடு வைத்துக் கேட்டான்,
வத்தகப்பழம் வாங்குகிறவனைப் போல.
"இதெல்லாம் வேறு எங்கே இருக்கிறது?"
"இதுதான் அந்த வேறு எங்கே" என்றேன்.

மடிக்கணினி நிரம்பி வழிகிறதென்று
எல்லாவற்றையும் இதற்குள் ஏற்றி,
அங்கே அழித்துவிட்டு,
அதைக் காப்பு என்று நம்பியிருந்தேன்.
ஒற்றைக் காப்பு சத்தம் போடாது.
கழன்று விழுந்தாலும் கைக்குத் தெரியாது.

ஆயிரத்து அறுநூறு டொலர்.
மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது,
பெயர்களை வழியில் தொலைத்துவிட்டு.
'இறுதி', 'இறுதி இரண்டு',
'உண்மையாகவே இறுதி'
எல்லாம் இப்போது வெறும் இலக்கங்கள்.
417 ஒரு எரிவாயு பில்.
418 யாரோ ஒருவரின் செருப்பு.
419 கேதீஸ்வரன்: புருவம்வரை நிறம்,
அதற்குக் கீழே சாம்பல்.
சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

ரசீதின் பின்பக்கத்தில் ரொடெல் எழுதித் தந்தான்:
மூன்று பிரதி.
ஒரே கம்பனியில், ஒரே நாளில் வாங்காதே,
கூடப் பிறந்தவை கூடவே சாகும்.
ஒன்று வேறொரு கூரையின் கீழ்.

கடைசி வரியில்தான் நின்றுவிட்டேன்.
இந்த ஊரில் எனக்கு எத்தனை கூரை?
அலுவலக லாச்சிக்கு எல்லோரிடமும் சாவி.
சுகிர்தா வீட்டில் ஆறு வயதுப் பொடியன்,
கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றுவான்.
கோயிலில் கொடுத்தால்
ஐயர் குங்குமம் வைத்துவிடுவார்.
மேகத்தில் இடம் வாடகைக்கு உண்டு,
வாடகை நின்றால் யாரிடம் போய்க் கெஞ்சுவது?

மிஞ்சியது சென்ற் வைற்றல்,
கேதீஸ்வரனின் வீடு.
கையெழுத்து வைத்து நாலு வருசம்.
கேட்டதும் "சரி" என்றான்.
ஏன் என்று கேட்கவில்லை.
முன்பும் கேட்கமாட்டான்,
அதுதான் பிரச்சினையாக இருந்தது.

மாதத்தின் முதல் சனி,
ரிம் ஹோர்ட்டன்ஸ் வாகனத் தரிப்பிடம்,
இரண்டு கண்ணாடிகளும் நாலு விரல் இறங்கும்.
அவன் ஒரு காலுறை தருவான்.
நான் ஒரு காலுறை தருவேன்.
சாம்பல் கம்பளி, சிவப்புக் கரை, ஒரே சோடி,
உள்ளே ஒவ்வொரு பெட்டி.
பார்க்கிறவர்கள் பொலிசைக் கூப்பிடாதது
மைனஸ் இருபத்தொன்பது செய்த உதவி.

கடவுச்சொல் அவனுக்குத் தெரியாது.
தெரிந்துகொள்ள அதிகம் முயலவும் வேண்டியதில்லை,
நான் இன்னும் அதை மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருகக் கூடாது.
குளிர்ந்த பெட்டி சூடான அறையில்
உள்ளுக்குள் வேர்க்கும்;
அவசரப்பட்டால் அந்த ஈரமே கொல்லும்.
மூன்று மணித்தியாலம் பொறுக்க வேண்டும்.
சோறு வடித்தேன். உடுப்பு மடித்தேன்.
நடுவில் இரண்டு தடவை
புறங்கையால் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.

பிறகு செருகி, கண்ணை மூடி
ஏதாவது ஒரு கோப்பைத் திறக்க வேண்டும்.
வைத்திருப்பது போதாது,
திறக்கிறதா என்று பார் என்றான் ரொடெல்.
திறந்தது.
நாலு செக்கன் வீடியோ, வைப்பரின் சத்தம்,
"இதில திரும்பவோ?" என்கிறது என் குரல்.
பதில் வருமுன் முடிந்துவிடுகிறது.

திகதி எழுதி ஒட்டிவிட்டு
காலுறையை எடுத்தபோதுதான் கண்டேன்:
பெருவிரல் பக்கத்து ஓட்டையை
நீல நூலால் தைத்திருக்கிறான்,
வடிவே இல்லாமல், ஆனால் இறுக்கமாக.

மற்றது இப்போது அவனிடம்.
அதில் குதி தேய்ந்திருந்தது,
நான்தான் கவனிக்காமல் கொடுத்துவிட்டேன்.